முருங்கை இணுக்கும் சிவப்பு விளக்கும்: ஃபோட்டோகிராம் செய்யத் தொடங்குபவர்களுக்கு

போட்டோவுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று புகைப்படம், மற்றொன்று நிழற்படம். கேமராவில் எடுத்த படத்தில் புகையும் கிடையாது, நிழலும் பெயருக்குத்தான். ‘நிழற்படம்’ என்ற சொல்லுக்கு முழு உரிமை கொண்டாடக்கூடியது ஃபோட்டோகிராம் மட்டுமே. வெளிச்சம் பட்டால் கறுக்கும் தாளை இருட்டில் விரிக்கிறோம். அதன்மேல் இலையோ வளையலோ வைக்கிறோம். சில விநாடி விளக்கைப் போட்டு அணைத்து, தாளை மருந்தில் போடுகிறோம். வெளிச்சம் விழுந்த இடம் கறுக்கிறது, நிழல் விழுந்த இடம் வெள்ளையாக நிற்கிறது. லென்ஸ், நெகட்டிவ் எதுவும் தேவையில்லை.

இருட்டறை வேலை கற்க வருபவர் கையில் நான் முதலில் நெகட்டிவைக் கொடுப்பதில்லை. நெகட்டிவோடு தொடங்கினால் படம் கெட்டதற்குக் காரணம் ஃபிலிமா, ஃபோகஸா, மருந்தா என்றே தெரியாது. ஃபோட்டோகிராமில் ஒளி, பொருள், தாள் ஆகிய மூன்றுதான். தவறினால் எங்கே தவறியது என்று அன்று இரவே கண்டுபிடித்துவிடலாம்.

இது கேமராவில் எடுத்த படத்துக்கும் மூத்த வேலை. 1802-இல் இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ஃப்ரி டேவியும் வெள்ளி நைட்ரேட் பூசிய தாளிலும் தோலிலும் இலை நிழலைப் பிடித்துவிட்டார்கள். பிடித்ததை நிறுத்திவைக்கத்தான் தெரியவில்லை. வெளிச்சத்தில் நீட்டினால் படம் முழுக்கக் கறுத்துவிடும் என்பதால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு இருட்டில் எடுத்துவைக்க வேண்டியிருந்தது. கறுக்காமல் எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து வெளியேற்றும் பொருள்தான் ஹைப்போ. வெள்ளி உப்புகள் அதில் கரையும் என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-லேயே எழுதியிருந்தும், அது படத்துக்குப் பயன்பட 1839 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நீங்கள் மூன்றாவது தட்டில் ஊற்றப்போவது அதே ஹைப்போதான்.

இருட்டறை

குளியலறை போதும். இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்கினால் பாதி வேலை மிச்சம், வெயிலை மறைக்க வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் துளையைக் கறுப்புத் துணியால் அடையுங்கள். கதவின் அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வையுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிடத்தில் கும்மிருட்டாகத் தெரிந்த அறையில் ஐந்தாவது நிமிடம் எத்தனை ஓட்டை தெரிகிறது என்று பாருங்கள். கீசர் விளக்கு, கைக்கடிகாரத் திரை, சாவித்துவாரம் எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

போனை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். சட்டைப்பையில் இருந்த என் போனுக்கு யாரோ ‘காலை வணக்கம்’ அனுப்பியதில் திறந்திருந்த தாள் டப்பா ஒன்று முழுசாகப் போயிற்று. இரவு பதினொரு மணிக்குக் காலை வணக்கம் அனுப்பியது யார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. டியூப் லைட்டும் அணைத்த பிறகு சிறிது நேரம் மங்கலாக ஒளிரும். சில எல்.இ.டி. பல்புகளும் அப்படித்தான், எனவே அணைத்த உடனே டப்பாவைத் திறக்கக் கூடாது.

கறுப்பு-வெள்ளை அச்சுத்தாளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில் தாராளமாக வேலை செய்யலாம். ஸ்டூடியோக்களில் சிவப்பு ஜீரோ வாட் பல்பை மாட்டியே காலம் ஓட்டியவர்கள் உண்டு. வெள்ளை எல்.இ.டி.க்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுவது மட்டும் வேண்டாம், நீல ஒளி கசியும். சிவப்பாகவே ஒளிரும் எல்.இ.டி. நல்லது. எந்த விளக்கானாலும் தாளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

விளக்கை நம்பலாமா என்று ஒரு நாணயத்தை வைத்துச் சோதிக்கலாம். சும்மா நாணயத்தை வைத்துப் பார்த்தால் போதாது. சிறிதளவு ஒளியைத் தாள் விழுங்கிக்கொண்டு வெளியே காட்டாது. ஆகவே முதலில் தாளுக்கு மெல்லிய சாம்பல் நிறம் வரும் அளவுக்கு வெள்ளை ஒளி காட்டிவிட்டு, அதன்மேல் நாணயத்தை வைத்துச் சிவப்பு விளக்கின்கீழ் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு மருந்தில் போடுங்கள். வட்டம் தெரிந்தால் விளக்கு கசிகிறது என்று அர்த்தம்.

தாளும் மருந்தும்

தாள் இரண்டு வகை. பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாள் ஒன்று, முழுக்கக் காகிதமான ஃபைபர் தாள் மற்றொன்று. தொடங்குபவருக்கு ஆர்.சி. தான். சீக்கிரம் கழுவலாம், காய்ந்தால் சுருளாது. இல்ஃபோர்டு மல்ட்டிகிரேடு போன்றதை 8×10 அங்குலத்தில் வாங்கி, சிவப்பு விளக்கில் நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1960-இல் தொடங்கப்பட்ட ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ தாள் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தொழிற்சாலை மூடியாயிற்று. பழைய ஸ்டூடியோவில் தேதி கடந்த டப்பா எதுவும் அகப்பட்டால் விடாதீர்கள், அதற்கும் ஒரு வேலை பின்னால் வைத்திருக்கிறேன்.

பாத்திரக்கடையில் தட்டையான பிளாஸ்டிக் தட்டு நான்கு வாங்குங்கள். இனி அவை சமையலறைக்குத் திரும்பவே கூடாது. முதல் தட்டில் டெவலப்பர், அதாவது படத்தை எழுப்பும் மருந்து, பாக்கெட்டில் எழுதியபடி கலந்தது. இரண்டாவதில் டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலத் தண்ணீர். இதற்கென்று கடும் அசிட்டிக் அமிலம் தேடிப் போக வேண்டாம். மளிகைக்கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், லிட்டருக்கு 15 கிராம் போதும், வாடையும் இருக்காது. மூன்றாவதில் ஹைப்போ. நான்காவதில் நல்ல தண்ணீர்.

ஹைப்போவின் வேலையையே செய்யும் வேகமான ஃபிக்ஸர் கடையில் திரவமாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஹைப்போ படிகம் 250 கிராமை ஒரு லிட்டர் கரைசலாக்குங்கள். கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும், அது ஹைப்போவின் குணம். வெதுவெதுப்பான நீரில் தொடங்கினால் சீக்கிரம் கரையும். வெறும் ஹைப்போவில் அமிலம் அதிகம் சேர்ந்தால் கந்தகம் பிரிந்து பால்போல வெளுக்கும். அதனால் இரண்டாவது தட்டிலிருந்து எடுத்த தாளை ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டு ஹைப்போவில் போடுவது நல்லது.

பெரும்பாலான டெவலப்பர்கள் 20 டிகிரியைக் கணக்கில் வைத்தே எழுதப்பட்டவை. மே மாதம் மதுரையில் குழாயைத் திறந்தால் 30 டிகிரிக்குமேல் வரும். சூட்டில் மருந்து அவசரப்படும், கறுப்பு திட்டுத்திட்டாக ஏறும். டெவலப்பர் தட்டை ஐஸ் தண்ணீர் நிரப்பிய அகலமான பேசினுக்குள் வைத்துவிடுங்கள். 20-24 டிகிரிக்குள் இருந்தால் போதும், துல்லியத்துக்காக உயிரை விட வேண்டாம்.

கையுறை கட்டாயம். பல டெவலப்பர்களில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குத் தோலில் அரிப்பையும் வெடிப்பையும் தரும். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஆரம்பிப்பதும் உண்டு. அறையை ஈரப்பக்கம், உலர்பக்கம் என்று பிரித்துவிடுங்கள். விளக்கு, தாள், பொருள்கள் ஒரு பக்கம். தட்டுகள் மறுபக்கம். ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடாதீர்கள். இதைப் படத்துக்காகச் சொல்லவில்லை.

எவ்வளவு ஒளி

நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் இருந்தால் பாக்கியம். நெகட்டிவ் இல்லாமல் விளக்கைப் போட்டு, ஒளிவட்டம் தாளைவிடச் சற்றுப் பெரிதாக விழும்படி தலையை உயர்த்தி, லென்ஸின் திறப்பை எஃப் 8-இல் வையுங்கள். பல என்லார்ஜர்களில் லென்ஸின்கீழ் ஒரு சிவப்பு வடிகட்டி ஆடிக்கொண்டிருக்கும். நெகட்டிவ் அச்சிடுபவர்கள் அதைச் சீண்டுவதே இல்லை. நமக்கு அதுதான் கண். அதை லென்ஸின்கீழ் தள்ளிவிட்டு விளக்கைப் போட்டால், தாள்மேல் விழப்போகும் அதே நிழலைச் சிவப்பில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு பொருள்களை நகர்த்தலாம்.

என்லார்ஜர் இல்லையென்றால் ஒரு டார்ச். முகப்பைக் கறுப்பு அட்டையால் மூடி, நடுவில் பட்டாணி அளவில் துளை போட்டு, தாளுக்கு ஒரு மீட்டர் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். துளை சிறுத்தால் நிழலின் ஓரம் கூர்மையாகும், ஒளியும் குறையும். இரண்டுமே நமக்கு வேண்டியவை. ஒளி மிகுந்து அரை விநாடியிலேயே தாள் கறுத்தால் துளைமேல் வெள்ளைத் தாளை ஒன்று, இரண்டு என்று ஒட்டிக்கொண்டே போங்கள், நேரம் ஐந்து விநாடிக்குமேல் வரும்வரை. அரை விநாடியைக் கையால் ஒரே மாதிரி இரண்டுமுறை காட்ட யாராலும் முடியாது. நேரம் எண்ண, டிக் டிக் என்று சத்தம் போடும் பழைய சுவர்க்கடிகாரத்தை அறையில் மாட்டுங்கள்.

இனி சோதனைத் துண்டு. விரல் நீளத்தில் ஒரு தாள்துண்டை வெட்டி, ஒளியை உணரும் பூச்சுப் பக்கம் மேலாக வையுங்கள். பளபளப்பு எந்தப் பக்கமோ அதுதான் பூச்சு. அதன்மேல் நீளவாக்கில் ஓர் இலையை வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் தெரியும்படி அட்டையால் மூடி 2 விநாடி, அட்டையை நகர்த்தி இன்னும் 2 விநாடி, இப்படியே கடைசிவரை. முதலில் திறந்த பங்குக்கு 10 விநாடி, கடைசிப் பங்குக்கு 2 விநாடி கிடைத்திருக்கும். மருந்தில் போட்டு எடுத்தபின் வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். 6-க்கும் 8-க்கும் பின்புலக் கறுப்பில் வித்தியாசம் தெரியாவிட்டால் உங்கள் நேரம் 6 விநாடி. அதாவது முழுக் கறுப்பு எட்டும் மிகக் குறைந்த நேரம். அதற்குமேல் கொடுத்தால் கறுப்பு கூடப்போவதில்லை. இலை நரம்புக்கிடையே உள்ள சாம்பல் நயங்கள்தான் செத்துப்போகும்.

முதல் படம்

முருங்கை இணுக்கு ஒன்று பறித்து வாருங்கள். கறிவேப்பிலை தடிமன், முருங்கை இலை மெலிசு, ஒளி ஊடுருவும். பறித்த உடனே ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள், சாறு பட்டால் தாளில் கறை விழும். தாளின்மேல் பரப்பி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்துங்கள். கண்ணாடிக் கடையில் ஓரம் தேய்த்து வாங்கியதாக இருக்கட்டும், இருட்டில் கை கிழியும். 6 விநாடி. விளக்கை அணையுங்கள். கண்ணாடியையும் இலையையும் எடுத்தால் தாள் வெள்ளையாகவே இருக்கும். ஒன்றும் ஆகவில்லையோ என்று தோன்றும். ஆகியிருக்கிறது. ஒளிபட்ட வெள்ளி உப்புத் துகள்களில் கண்ணுக்குத் தெரியாத வித்து விழுந்திருக்கிறது, அதை வளர்ப்பதுதான் டெவலப்பரின் வேலை.

தாளை ஒரே வீச்சில் முழுக்க அமிழ்த்தி, தட்டின் ஒரு மூலையை மெல்லத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் பின்புலம் கறுக்க ஆரம்பிக்கும், இலை எழும்பி வரும். எத்தனை வருஷம் செய்தாலும் அந்த நொடியில் மூச்சு ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது. ‘போதும், கறுத்துவிட்டது’ என்று பயந்து தாளை உருவுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. சிவப்பு விளக்கில் எல்லாமே உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். 60 விநாடி முழுதாகக் கிடக்கட்டும். பிறகு அமிலத் தண்ணீரில் 10-15 விநாடி. அலசி, ஹைப்போவில். வேகமான ஃபிக்ஸர் என்றால் ஒரு நிமிடம், படிக ஹைப்போ என்றால் 5 முதல் 10 நிமிடம். அதன்பிறகே வெள்ளை விளக்கு. ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கழுவி, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

காய்ந்ததும் பின்பக்கம் எழுதிவையுங்கள். எந்த விளக்கு, எவ்வளவு உயரம், எத்தனை விநாடி. அடுத்த தாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

எதை வைப்பது

முதல் நாள் எல்லோரும் சாவி, கத்தரிக்கோல், நாணயம் என்று அடுக்குவார்கள். வருவது வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியதுபோல ஒரு படம். பொருளின் அழகைப் பார்த்து எடுக்காதீர்கள், அது எவ்வளவு ஒளியை விடும் என்று பாருங்கள். இருட்டறைக்குள் போகுமுன் ஒவ்வொன்றையும் டியூப் லைட்டை நோக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பூண்டுத் தோல், வெங்காயத்தின் மெல்லிய வட்டம், கொசுவலைத் துண்டு, கோழி இறகு, கல்கண்டு, தண்ணீரில் ஊறிச் சதை கழன்ற அரசிலை. கையில் எடுத்தால் மதிக்கத் தோன்றாத பொருள்கள் தாளில் ராஜாவாகிவிடுகின்றன. தங்கச் சங்கிலி வெறும் கோடாகத்தான் விழும்.

கண்ணாடி வளையல்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் அருகருகே வைத்து ஒரு படம் போட்டுப் பாருங்கள். மூன்றும் கண்ணுக்கு ஒரே அளவு தெளிவாகத்தான் இருக்கும். தாளில் சிவப்பு வளையல் இரும்பு வளையம்போல வெள்ளையாக நிற்கும், நீலம் பாதி கரைந்திருக்கும். தாளுக்குச் சிவப்பு தெரியாது என்றோமே, தாளின் கண்ணில் சிவப்புக் கண்ணாடியும் சுவரும் ஒன்றுதான். மஞ்சள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். இந்த ஒரு படம் கற்றுத்தரும் அளவுக்கு எந்த விளக்கமும் கற்றுத்தராது.

அடுத்தது உயரம். தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் ஓரம் கத்தி. இரண்டு சென்டிமீட்டர் தூக்கினால் ஓரம் பஞ்சாகிவிடும். பாட்டில் மூடிகளின்மேல் கண்ணாடியை வைத்து, பாதிப் பொருள்கள் தாள்மேலும் மீதி கண்ணாடிமேலுமாக வைத்தால் ஒரே படத்தில் அருகும் தொலைவும் வந்துவிடும். டார்ச்சைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்தால் சாயங்கால நிழல்போல நீளும். தண்ணீர் நிரம்பிய தம்ளர் தன்னளவில் ஒரு லென்ஸ், எதிர்பாராத இடத்தில் ஒளிக்கோடுகளை வீசும்.

நேரத்தையும் பங்கு போடலாம். 6 விநாடியை மூன்று இரண்டாக்கி, ஒவ்வொரு இரண்டுக்குப் பிறகும் ஓர் இலையை எடுத்துவிடுங்கள். கடைசிவரை இருந்த இலை வெள்ளை, நடுவில் எடுத்தது சாம்பல், முதலில் எடுத்தது கறுப்போடு கறுப்பாக மங்கும். பாரிஸில் அமெரிக்கக் கலைஞர் மேன் ரே 1922-இல் இப்படிப் படங்கள் செய்யத் தொடங்கியது ஒரு தவறிலிருந்து என்று அவரே எழுதியிருக்கிறார். ஒளிகாட்டாத தாள் ஒன்று தட்டுக்குள் தவறி விழ, அதன்மேல் கண்ணாடிப் புனலையும் தெர்மாமீட்டரையும் யோசிக்காமல் வைத்து விளக்கைப் போட்டாராம். அதே ஆண்டுகளில் ஹங்கேரியக் கலைஞர் மொஹோலி-நாட்ஜ் இதை ஒளியை வைத்து வரையும் பயிற்சியாகவே பார்த்தார். ‘ஃபோட்டோகிராம்’ என்ற பெயர் நிலைத்ததும் அவரால்தான்.

எனக்குப் பிடித்தது கோலம். கோலமாவைத் தாளின்மேல் நேராக, சிவப்பு விளக்கில், இழுத்துப் பாருங்கள். மாவு தடித்த இடம் வெள்ளை, விரல் நடுங்கி மெலிந்த இடம் சாம்பல். கறுத்த வாசலில் வெள்ளைக் கோலம் அப்படியே வரும், ஏனென்றால் வாசலும் இந்தத் தாளும் ஒரே கணக்குத்தான். இழுத்தவரின் கை எங்கே தயங்கியது என்பதுகூடப் பதிவாகிவிடும். ஒளிகாட்டியபின் மாவைக் கவிழ்த்துத் தட்டி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்துவிட்டே டெவலப்பரில் போட வேண்டும். மாவு மருந்தில் விழுந்தால் அன்றைய கடை மூடல்.

வெள்ளை இலை கறுப்பில் வந்தது, கறுப்பு இலை வெள்ளையில் வேண்டுமென்றால்? காய்ந்த படத்தைப் புதிய தாளோடு பூச்சும் பூச்சும் முகம் பார்க்க ஒட்டவைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலிருந்து ஒளிகாட்டுங்கள். நேரம் பல மடங்கு கூடும், சோதனைத் துண்டு மறுபடி தேவை. தாளின் முதுகில் கம்பெனிப் பெயர் அச்சாகியிருந்தால் அதுவும் படத்தில் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

படம் கெட்டால்

படம் முழுக்கச் சாம்பல் திரை போட்டதுபோல இருந்தால் ஒளி கசிவு, அல்லது தாள் பழசு. கறுப்பு கறுப்பாக இல்லாமல் திட்டாக இருந்தால் சீக்கிரம் உருவிவிட்டீர்கள், அல்லது டெவலப்பர் பழுப்பாகித் தீர்ந்துவிட்டது. காணாத இடத்தில் வெள்ளை விரல்தடம் என்றால் ஹைப்போ கையோடு புதுத் தாளைத் தொட்டிருக்கிறீர்கள். கறுப்பு விரல்தடம் என்றால் அது டெவலப்பர் கை. சில வாரத்தில் படம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் ஹைப்போவிலோ கழுவலிலோ சோம்பல்.

அந்தப் பழைய டப்பா

தேதி கடந்த தாளுக்கு வேலை இருக்கிறது என்றேன். டெவலப்பரே வேண்டாம். பகலில் தாளின்மேல் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டைமாடி வெயிலில் அரைமணி முதல் பல மணிநேரம் விட்டுவிடுங்கள். கறுப்பு-வெள்ளைத் தாளில் ஊதாவும் இளஞ்சிவப்பும் செங்கல் நிறமும் ஏறும். வெயிலில் இலை வியர்த்து விடும் ஈரம்கூடக் கோலம் போடும். ஹைப்போவில் போட்டால் நிறம் மங்கி மாறும், அதைத் தடுக்க வழியில்லை. அதனால் ஹைப்போவுக்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்பவர்கள் அதிகம்.

இன்னொன்று, 1956-இல் பெல்ஜியக் கலைஞர் பியர் கோர்டியே தொடங்கிய கெமிகிராம். தாளின்மேல் நகப்பூச்சால் கோடு போட்டு, சாதாரண வெளிச்சத்திலேயே டெவலப்பரிலும் ஹைப்போவிலும் மாற்றி மாற்றி முக்குவது. பூச்சு உரியும் இடத்தில் அப்போது எந்தத் தட்டில் இருக்கிறதோ அந்த மருந்து வேலை செய்யும், டெவலப்பர் கறுப்பாக்கும், ஹைப்போ வெள்ளையாகவே நிறுத்தும். நடுவில் தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டு மருந்தும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

வேலை முடிந்ததும்

டெவலப்பர் மிஞ்சினால் வாய்வரை நிரப்பிய பாட்டிலில் மூடிவையுங்கள், காற்றுப் பட்டால் பழுப்பாகும். உணவுப் பொருள் பாட்டிலில் ஊற்றாதீர்கள், பெயர் எழுதாமலும் வைக்காதீர்கள். ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. தாளிலிருந்து கரைந்த வெள்ளி முழுக்க அதில்தான் இருக்கிறது, தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, அதில் இரும்பு நார் ஒரு பிடி போட்டு மூடி, சில நாள் விட்டுவிடுங்கள். இரும்பு கரைந்து வெள்ளி வெளியே வந்து, அடியில் கறுப்புச் சேறாகப் படியும். ஃபிலிம் எக்ஸ்ரே காலத்தில் இதற்காகவே பழைய ஹைப்போவை விலைகொடுத்து வாங்கிப்போக ஆள் வருவதுண்டு. உங்கள் வாளியைத் தேடி யாரும் வரமாட்டார்கள், அவ்வளவு வெள்ளி அதில் இருக்காது. ஆனாலும் சேறு படிந்தபின் மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.